மேள மெஷின் வாங்கப் போகும் ஆலயங்களுக்கு

ஆடி மாதம் நெருங்கினால் எனக்கு இரண்டு வகை அழைப்புகள் வரும். "அண்ணே, இந்த வருசம் கோயிலுக்கு மேள மெஷின் வாங்கலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம், எது நல்லதுன்னு சொல்லுங்க" என்பது ஒரு வகை. "அண்ணே, மெஷின் உம்முனு சத்தம் போடுது, அடிக்க மாட்டேங்குது, திருவிழா வேற வருது" என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் பேசுகிறவர் பெரும்பாலும் முன்பொரு ஆடியில் முதல் வகையில் பேசியவராகத்தான் இருப்பார்.

நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்கும் லிங்கிக்கும் நடுவில் இருந்த ஒரு தோட்டத்தின் ரப்பர் ஸ்டோரில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். ரோலர், பம்பு, ஜெனரேட்டர், துரை பங்களாவின் தண்ணீர்க் குழாய், எது நின்றாலும் என் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். பிறகு பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள், ஸ்டோரை மூடினார்கள், நான் தாமான் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தேன். ஸ்பேனர் பெட்டியை விட்டுவிட்டு வர மனமில்லை. சிலியாவ், லுக்குட், லாபு பக்கமெல்லாம் கோயில் மெஷின் மக்கர் செய்தால் இன்றும் அந்தப் பெட்டியோடு போகிறேன். கூலி வாங்குவதில்லை. அதனால் மனத்தில் பட்டதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

மெஷினைப் பார்க்காதவர்களுக்காக அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரும்புச் சட்டம் ஒன்று. அடியில் கால் குதிரைச் சக்தியோ அரைக் குதிரைச் சக்தியோ உள்ள மோட்டார். மேலே முரசு, பக்கத்தில் வெண்கல மணி, சிலவற்றில் ஜாலராவும் சேகண்டியும். நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் மோட்டாரைச் சின்னப் புல்லியிலிருந்து பெரிய புல்லிக்கு பெல்ட் போட்டு வேகம் குறைக்கிறார்கள். அங்கிருந்து ஒரு தண்டு. தண்டில் கோணலாக நீட்டிய கைகள் குச்சியைத் தூக்கித் தூக்கி விடுகின்றன, குச்சி தோலில் விழுகிறது. சுவிட்சைத் தட்டினால் கோயிலே அதிரும். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வரும் சரக்கு. நல்ல யோசனைதான், யோசித்தவனைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது, வாங்குகிறவர்கள் அதனிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை.

ஒரு காலத்தில் தோட்டத்துக் கோயிலில் மேளத்துக்கு ஆள் தேடியதில்லை. லயத்தில் ஐம்பது அறுபது குடும்பம் இருக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் முரசை எடுத்துவிடுவார், மணிக்கயிற்றை இழுக்கப் பையன்களுக்குள் சண்டையே நடக்கும். இன்று லின்சம், சுவா பெத்தோங், ரெப்பா, கெடிஸ் என்று எந்தத் தோட்டத்துப் பெயரைச் சொன்னாலும், அங்கே பிறந்தவர்களைச் சிரம்பானிலும் நீலாயிலும் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும்தான் பார்க்க முடிகிறது. லயம் இருக்கிற இடங்களிலும் அறைக்குள் இருப்பது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளிகள். அம்மன் மட்டும் செம்பனைக்கு நடுவே அதே இடத்தில் இருக்கிறாள். பூசாரி ஒரு கையால் தீபம் காட்டி மறு கையால் மணி அடிக்க வேண்டியிருக்கிறது. மெஷின் வாங்கும் எண்ணம் அங்கேதான் பிறக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கமிட்டிக் கூட்டத்தில் அதை யாரும் பேச மாட்டார்கள். தோட்டங்களில் பறை அடித்தவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வைத்து அடிக்கச் சொன்ன காலம் இருந்தது. சாவுக்கும் அவர்கள்தான், சாமிக்கும் அவர்கள்தான், ஆனால் பந்தியில் கடைசி. அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்து ஆளாகி, இனிமேல் குச்சியைத் தொட மாட்டோம் என்று சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். நம் கோயில்களில் மேளத்துக்கு ஆள் இல்லாமல் போனதற்கு இடப்பெயர்வு மட்டும் காரணமில்லை என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

கமிட்டிக்காரர்களிடம் நான் கேட்கிற முதல் எதிர்பார்ப்பு, மெஷின் வந்தால் கூட்டம் வரும் என்பது. "சத்தம் கேட்டா ஜனங்க வருவாங்கண்ணே." யார் வருவார்கள்? சத்தம் எட்டுகிற தூரத்தில் குடியிருக்கும் தமிழர் எத்தனை பேர் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை கோயில் வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். நீலாயில் இருக்கும் பேரனுக்கு லிங்கியில் அடிக்கும் முரசு கேட்காது. அவனை வரவழைக்க வேண்டுமானால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுவது மேல், செலவும் இல்லை.

அடுத்தது, ஆள் அடிப்பது போலவே இருக்கும் என்கிற நம்பிக்கை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் முரசடித்த பெரியவர் ஒருவர் இருந்தார். அடிக்கும்போது அவர் தோலைப் பார்க்க மாட்டார், பூசாரியின் மணிக்கட்டைப் பார்ப்பார். தீபம் மெதுவாக மேலே போகும்போது குச்சி மெதுவாக விழும். கர்ப்பூரம் பற்றியதும் அடி நெருங்கும். தட்டு அம்மன் முகத்துக்கு நேரே வந்து நிற்கும் இடத்தில் ஒரு கணம் விட்டுப் பிடிப்பார், அந்த விட்ட இடத்தில்தான் பெண்களுக்குச் சாமி வரும். மெஷினுக்கு இது எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. 1,440 சுற்று, அதே புல்லி, அதே பெல்ட். சுவிட்சைப் போட்டது முதல் அணைக்கும் வரை ஒரே வேகம். பல கோயில்களில் இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? மெஷினுக்கு ஏற்றபடி பூசாரி தீபத்தைச் சுற்றுகிறார். கர்ப்பூரம் எரிந்து முடிவதற்குள் அவர் கை ஓய்ந்துவிடுகிறது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார்கள், வயதான பெண்கள் கவனிக்கிறார்கள்.

ஆகவே அது தரப்போவது சத்தம். நேரத்துக்குத் தவறாத, பெரிய சத்தம். அது போதுமென்றால் தாராளமாக வாங்குங்கள்.

பணத்தைத் தின்பது வேறொரு நம்பிக்கை: புதுசாச்சே, இனி கொஞ்ச காலத்துக்குக் கையை வைக்க வேண்டியதில்லை என்பது. எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சிரிப்பான். அசையும் பாகங்கள் உள்ள எந்த மெஷினுக்கும் கவனிப்பு அதிகம் வேண்டியது முதல் சில வாரங்களில்தான். புது பெல்ட் ஓட ஓட நீளும், இழுத்துக் கட்டாவிட்டால் புல்லியில் வழுக்கிக் கருகும். அதிர்வில் நட்டு தானாகக் கழலும். பெட்டியில் வந்தபோது இறுக்கமாக இருந்த தோல் இங்கத்திய ஈரத்தில் தளரும். குச்சி விழும் இடம் அரை அங்குலம் தள்ளிப் போனால் தோலை அடிக்காமல் வளையத்தை அடிக்கும், பிறகு குச்சி உடையும். இதெல்லாம் பழுது அல்ல. புது மெஷின் உட்காருவது அப்படித்தான்.

இதைத் தெரிந்துகொண்டே மெஷின் வாங்கிய ஒருவனைச் சொல்கிறேன். என் தங்கை மகன், பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறான். அவனுக்குப் பின்பால் மெஷின் மேல் பைத்தியம். சரிவாக வைத்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே 80 கிராம் எடையுள்ள எஃகு உருண்டை, அது கீழே விழுந்துவிடாமல் தட்டித் தட்டி மேலே அனுப்ப இரண்டு பக்கமும் துடுப்பு. அந்தத் துடுப்பு 1947-ல் வந்தது, அதற்கு முன் உருண்டையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பதுதான் ஆட்டம். சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-ல் தடை போட்டு 1976-ல்தான் விலக்கியதாம். இன்றும் சிகாகோ பக்கம் புதிதாகச் செய்கிறார்கள். ஒன்று நூறு கிலோவுக்கு மேல் எடை, விலை ஒரு நல்ல மோட்டார் சைக்கிளைத் தாண்டும். அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாமா, வயரிங் தாங்குமா?" நான் போய்ப் பார்த்தேன். உள்ளே திறந்தால் எனக்குப் பழக்கமான உலகம்தான். காயில், கம்பி, ஸ்பிரிங், தட்டுகிற கை.

அவன் வாங்குவதற்கு முன்பே ஏற்கெனவே வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தான், அது எனக்குப் பிடித்தது. புது மெஷினின் பளபளப்பான பலகையில் உருண்டை விழுந்து விழுந்து சின்னச் சின்னக் குழி விழும், அதைப் பார்த்து அலறக்கூடாது, ஆட ஆட அது சமமாகிவிடும் என்று தெரிந்து வைத்திருந்தான். சரிவு ஆறரை டிகிரி இருக்கிறதா என்று தானே அளந்து காலைத் திருக வேண்டும், வந்த அன்றே நான்கைந்து சுவிட்சை வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம், ஸ்க்ரூ கழலும், மென்பொருள்கூட முழுமையாகாமல் வந்து பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேம்படும் என்பதெல்லாம் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். விளையாட்டுச் சாமான் வாங்குகிற பையன் இவ்வளவு விசாரிக்கிறான். பக்தர்கள் போட்ட உண்டியல் பணத்தில் வாங்குகிற நாம் கடைக்காரர் காட்டிய இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிட்டு வருகிறோம்.

அந்த வீடியோவைப் பற்றி ஒரு சொல். அதில் மெஷின் ஓடுவது வறண்ட ஊரில், சுற்றிலும் சுவர் உள்ள கூடத்தில். நம் கோயிலில் மேலே தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு, மழைக்காலத்தில் சாரல் அடிக்கும். ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ ஈரம் ஏறினால் தொப்பென்று கேட்கும். ஃபைபர் தோல் தளராது, ஆனால் அதன் ஓசை தகர டின்னைத் தட்டுவது போல இருக்கும் என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டில் எதைச் சகித்துக்கொள்வது என்று வாங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், வாங்கிய பிறகு கமிட்டியில் சண்டை போடாதீர்கள்.

மின்சாரத்தில் பெரிய சிக்கல் இல்லை. தமிழ்நாட்டிலும் இங்கும் 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டும் ஏறக்குறைய ஒன்றுதான், 2008 முதல் நம் நாட்டிலும் 230 என்றுதான் கணக்கு. பிளக்தான் வேறு. இந்திய உருண்டைக்கால் பிளக்கை அப்படியே அடாப்டரில் சொருகி ஓட்டுவதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். அது ஆபத்து. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தில் அந்த அடாப்டர் உருகலாம். எர்த் வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோயில் ஈரமான இடம், அபிஷேகத் தண்ணீர் ஓடும், வெறுங்காலோடு குழந்தைகள் நடப்பார்கள், மெஷினோ முழுக்க இரும்பு. டிரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக லைன் கொடுத்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். அதை அன்றே மாற்றும்வரை நான் கிளம்பவில்லை. லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துத் தனி லைன் போட வேண்டும். மெஷின் விலையோடு இதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

"உம்முனு சத்தம் போடுது, அடிக்க மாட்டேங்குது" என்ற அந்த அழைப்புக்கு வருகிறேன். பத்தில் எட்டுத் தடவை அது கப்பாசிட்டர். மோட்டாரின் முதுகில் சின்ன டப்பா மாதிரி உட்கார்ந்திருக்கும். மோட்டாருக்கு முதல் தள்ளு கொடுப்பது அதன் வேலை. அது செத்தால் மோட்டார் முனகும், சுற்றாது, முனகவிட்டால் சூடேறி எரிந்துவிடும். உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்க வேண்டும். புது கப்பாசிட்டர் எந்த எலெக்ட்ரிக் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அதற்குப் போய், மெஷினே போய்விட்டது என்று முடிவுகட்டி, கோயில் பின்னாலிருக்கும் சாமான் அறையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். அந்த அறைகளில் நான் பார்த்த மெஷின்களில் பாதிக்கு மேல் ஒரு கப்பாசிட்டருக்காகவோ ஒரு பெல்ட்டுக்காகவோ காத்துக் கிடப்பவை. மோட்டார் மூடியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று, சுவிட்சுக்குள் பல்லி, பெல்ட்டில் சாம்பிராணிப் புகையும் எண்ணெயும் சேர்ந்து பிசுக்கு. யாரும் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை.

ஏன் துடைக்கவில்லை? மெஷினுக்கு உபயகாரர் இருந்தார். சட்டத்தில் அவர் பெயரும் குடும்பத்தார் பெயரும் சிவப்புப் பெயிண்டில் எழுதப்பட்டிருக்கும், அதைத் தப்பென்று சொல்லவில்லை, கொடுத்தவர் பெயர் போடுவது நம் வழக்கம். ஆனால் பெல்ட்டுக்கு உபயம் என்று எந்தக் கோயில் பலகையிலாவது பார்த்திருக்கிறீர்களா? கிரீஸ் டப்பா உபயம் இன்னார் குடும்பத்தார்? சிரிப்பாக இருக்கிறது, ஆனால் கோயில் உண்மையில் கேட்பது அதைத்தான். உபயகாரர் மெஷினைக் கொடுக்க முன்வந்தால், அதன் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாகப் பராமரிப்புக்கு என்று வங்கியில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் சின்ன மெஷினாக வாங்குங்கள்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். நெகிரி செம்பிலான் தமிழ்ப் பையன்களுக்கு அடிக்கத் தெரியாது என்று யார் சொன்னது? உறுமி மேளக் குழுக்களைப் பாருங்கள். தைப்பூசத்துக்கும் திருவிழாவுக்கும் ஒரே மாதிரி டி-சர்ட் போட்டுக்கொண்டு, தோள்பட்டை வலிக்க வலிக்க அடிக்கிறார்கள். தாளம் சுத்தமாக இருக்கிறது. திருவிழாவுக்கு அவர்களுக்குப் பணம் கொடுத்து அழைக்கும் அதே ஆலயம், மற்ற நாட்களுக்கு மெஷின் வாங்குகிறது. "வெள்ளிக்கிழமை மட்டும் ஒருத்தன் வந்து அடிப்பியா தம்பி, பெட்ரோல் காசு தர்றோம்" என்று அவர்களில் ஒருவனிடம் கேட்டுப் பார்த்ததுண்டா என்று விசாரித்தால் தலைவர் செயலாளரைப் பார்ப்பார், செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார். பையன்களிடமே நான் கேட்டேன். "எங்கள யாரும் கேட்கலியே அங்கிள்" என்றார்கள். மெஷின் வாங்கும் பேச்சுக்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

தாமானுக்குள் மாற்றிக் கட்டிய கோயில்களுக்கு ஒரு கூடுதல் விஷயம். தோட்டத்தில் முரசு அடித்தால் செம்பனை மரம் புகார் கொடுக்காது. தாமானில் சுவருக்கு அந்தப்பக்கம் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறவர் இருக்கிறார், கைக்குழந்தை இருக்கிறது, அவர்கள் நம்மவர்களாகவே இருந்தாலும் அதிகாலை ஐந்தரை மணிக்கு இரும்பும் வெண்கலமும் சேர்ந்து அடித்தால் பொறுக்க மாட்டார்கள். ஆள் அடிக்கும்போது மெதுவாக அடி என்று சொல்லலாம். பெரும்பாலான மெஷின்களில் சத்தத்தைக் குறைக்கத் திருகும் பொத்தான் கிடையாது. வாங்கும் முன் பக்கத்து வீடுகளில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள், மூன்று பெயர்ப் பலகை வைப்பதைவிட அது கோயிலைக் காப்பாற்றும்.

யார் வாங்கலாம் என்று கேட்டால் என் தீர்ப்பு இது. ஆள் பலம் அடியோடு இல்லாத, சுற்றுப்புறத்தில் யாருக்கும் தொந்தரவில்லாத, பூசாரி ஒருவரே எல்லாம் பார்க்கிற தோட்டக் கோயில் வாங்கலாம், அங்கே அது உண்மையான உதவி. நாற்பது ஐம்பது குடும்பம் இருக்கிற தாமான் கோயில் வாங்க வேண்டியதில்லை. பக்கத்துக் கோயில் வாங்கிவிட்டதே என்பதற்காக எந்தக் கோயிலும் வாங்கக் கூடாது, இப்போது வாங்கப்படுவதில் பாதி அந்தக் கணக்கில்தான் வாங்கப்படுகிறது.

வாங்குவதென்று முடிவாகிவிட்டால் கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். மோட்டாரின் பெயர்த்தகட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பெல்ட்டின் எண் என்ன, அது இங்கே உள்ளூர்க் கடையில் கிடைக்கும் அளவா, தோல் கிழிந்தால் இங்கே யார் மாட்டுவார்கள், உத்தரவாதம் என்றால் மெஷினைத் திருப்பி அனுப்ப வேண்டுமா அல்லது ஆள் வருவாரா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெட்டி வந்த அன்றே திருவிழாவில் ஓட்டாதீர்கள். ஒரு மாதம் முன்பே இறக்கி, நாள்தோறும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நட்டுகளை இறுக்கி, பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டுப் பிறகு அம்மன் முன்னால் வையுங்கள். கமிட்டியில் ஒருவரை, முடிந்தால் இளைஞர் ஒருவரை, மெஷினுக்குப் பொறுப்பாளர் என்று தீர்மானத்தில் பெயர் எழுதிப் போடுங்கள். அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லையென்றால் அந்தக் கூட்டத்திலேயே மெஷின் தீர்மானத்தைத் தள்ளி வையுங்கள். பெயர் கிடைத்துவிட்டால் அவரை என்னிடம் அனுப்புங்கள், பெல்ட் மாட்டவும் கப்பாசிட்டர் மாற்றவும் ஒரு சனிக்கிழமையில் சொல்லித் தந்துவிடுவேன்.